நாற்பத்தேழாம் எண்: இரண்டு

"மீனைப் பாக்க டாக்டரே நேர்ல வர்றாங்களாம்," என்றாள் நுரிஸ், கைப்பேசியைக் கணவனின் மூக்குக்கு நேராக நீட்டியபடி. "வியாழக்கிழமை. கேமராவோட."

ரதமேஸ் மசித்த வாழைக்காயைக் கிளறிக்கொண்டிருந்தான். முள்கரண்டி நின்றது.

"எந்த மீனை?"

"நாப்பத்தேழாம் நம்பர். பாதிரி மீன். ரெண்டு பாத்தியாமே. வீட்ல ஒரு வார்த்தை சொல்லல?"

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவன் பார்க்கவில்லை.

போகா செகா என்ற கடலோரச் சிற்றூரில் ரதமேஸின் வேலை மீன் எண்ணுவது. மாதத்தின் மூன்றாவது ஞாயிறு காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலில் இறங்க வேண்டும். பவளப்பாறைமேல் மூன்று இடங்களில் முப்பது மீட்டர் நாடாவை விரிக்க வேண்டும். நாடாவின் இரண்டு பக்கமும் தென்படுகிற மீன்களை இனம் பார்த்து எண்ணி, பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறித்து, தலைநகரத்துக்கு அனுப்ப வேண்டும். இனம் பார்ப்பதற்கென்று அறுபது மீன்களின் படம் போட்ட, நனையாத அட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். பத்து மாதமாகத் தற்காலிக வேலை. இந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் கணக்கெடுப்பின் தலைவர் டாக்டர் யொகாஸ்தா.

அதற்கு முன் நான்கு வருடம் ரதமேஸ் மாமனாரின் பஞ்சர் கடையில் இருந்தான். மாமனார் தோன் எலிஹியோ கோபக்காரர் அல்ல. மாப்பிள்ளை வேலையை விட்டபோது ஒரு வார்த்தை திட்டவில்லை. மாப்பிள்ளையின் பெயர் தைத்த நீல நிற மேலுடையைக் கடைச் சுவரில் ஆணியில் மாட்டி வைத்தார், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை அதைத் துவைத்தும் வைத்தார். ரதமேஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது காற்றில் கையை அசைத்து அவனைக் கூப்பிட்டது.

ஜனவரியில் நடந்தது இதுதான். சனிக்கிழமை இரவு நடக்க வேண்டிய பேஸ்பால் இறுதி ஆட்டம் மழையால் நின்றுபோய் ஞாயிறு மதியத்துக்குத் தள்ளிப்போனது. ஞாயிறு மதியம் மீன் எண்ண வேண்டிய நேரம். ஆற்றுத் தண்ணீர் கலந்து கடல் காப்பி நிறத்தில் இருந்தது. இதற்கெல்லாம் மேலாக, ஊரில் கரண்ட் இருந்தது. போகா செகாவில் மதியத்தில் கரண்ட் வந்தால் அதை மதிக்கத் தெரிய வேண்டும்.

ஆகவே அவன் மூலைக்கடையில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து, ஆட்டத்தின் இடைவேளைகளில் மீன் எண்ணினான். கிளிமீன் பதினாலு. சங்கரா ஒன்பது. களவா இரண்டு. ஒன்பது சுற்று ஆட்டத்தில் எட்டாவது சுற்று முடிவதற்குள் மூன்று இடங்களும் முடிந்துவிட்டன. படித்துப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. கணக்கு மிக ஒழுங்காக இருந்தது. உண்மையான கடலில் ஒழுங்கு கிடையாது என்பது பத்து மாதம் எண்ணியவனுக்குத் தெரியும். ஓர் அபூர்வம் வேண்டும். அட்டையின் கடைசி மூலையில், அவன் ஒருநாளும் பார்த்திராத மீன் ஒன்று இருந்தது. அங்கி போட்டது போல் கறுத்த உடம்பு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். பாதிரி மீன், எண் நாற்பத்தேழு.

ஒன்று என்று எழுதினால் கண் ஏமாந்தது என்பார்கள். மூன்று என்றால் பேராசை. இரண்டு என்று எழுதினான்.

அதற்குத்தான் இப்போது கேமரா வருகிறது.

"நல்லதுதானே," என்றாள் நுரிஸ். "மீனைக் காட்டு, கடிதத்தை வாங்கு. ஏன் முகம் இப்படிப் போகுது?"

"வாழைக்காய்ல உப்பு ஜாஸ்தி," என்றான் ரதமேஸ்.

*

முதல் யோசனை நேர்மையானது. மீனைத் தேடிப் பிடிப்பது. அட்டையில் படம் இருக்கிறது என்றால் கடலில் எங்கேயோ இருந்துதானே ஆக வேண்டும்.

திங்களும் செவ்வாயும் நுரிஸின் தம்பி மில்சியாதேஸின் படகில் போய் மூழ்கினான். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அட்டையில் இருந்த மீதி ஐம்பத்தொன்பதில் ஐம்பத்தொன்று வந்து முகம் காட்டிவிட்டுப் போயின. பாதிரி வரவில்லை.

"மச்சான், நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான் மில்சியாதேஸ், ரதமேஸைப் படகுக்குள் இழுத்துப் போட்டபடி. "அன்னைக்கு மூலைக்கடையில நீ எழுதுறப்ப பக்கத்துலதான நான் டோமினோ ஆடிட்டு இருந்தேன். கிளிமீன எழுதினப்பவே எழுந்து போயிருக்கலாம்ல?"

"ஒன்பதாவது சுற்று பாக்கி இருந்துச்சே மாப்ளே."

"அதுவும் சரிதான்," என்று மில்சியாதேஸ் ஒப்புக்கொண்டான். அது நல்ல ஒன்பதாவது சுற்று.

இரண்டாவது யோசனை சாட்சி. மீன் கிடைக்காவிட்டாலும் பார்த்தவர்கள் கிடைத்தால் போதும். புதன்கிழமை காலையில் ரதமேஸ் அட்டையை எடுத்துக்கொண்டு கடற்கரையில் மீன் பொரித்து விற்கும் ஃபியோர்தலீசாவின் கடைக்குப் போனான்.

"அக்கா, இந்த மீனைப் பாத்திருக்கீங்களா?"

ஃபியோர்தலீசா கரண்டியை எண்ணெயில் விட்டுவிட்டு அட்டையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுவா? மாமியார்."

"என்னது?"

"மாமியார் மீனு. மழை பெஞ்சு ஆறு கலங்கினா சொல்லாம கொள்ளாம வந்து நிக்கும். எப்பவும் ஜோடியாத்தான் வரும். கன்னத்துல ஒரு முள்ளு இருக்கும், அத உருவாம வாயில வச்சா போச்சு. வால் மஞ்சளா இருக்கே, அது பச்சையா இருக்கறப்பதான். பொரிச்சா வெளுத்துடும்."

ரதமேஸுக்குச் சந்தோஷம் தலைக்கேறியது. அது இறங்க ஒரு நிமிடம் ஆனது. அப்புறம்தான் தான் எந்த ஊரில் நின்று கேட்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது.

போகா செகாவில் யாரும் 'தெரியாது' என்று சொல்லிக் கேட்டவர் கிடையாது. கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதை இல்லை. போன வருடம் மின்வாரிய ஆள் ஒருவர் எங்குமே இல்லாத ஒரு முகவரியை விசாரித்தார். ஐந்து பேர் ஐந்து வழி சொன்னார்கள். ஆறாவது ஆள் கூடவே நடந்துபோய் ஒரு வீட்டைக் காட்டிக்கொடுத்தார். அந்த வீட்டில் மீட்டரைப் படித்துவிட்டு மின்வாரிய ஆள் திருப்தியாகத் திரும்பினார். அந்த வீட்டுக்காரருக்கு இன்னும் இரண்டு பில் வருகிறது.

"அக்கா, நெசமாவே பாத்திருக்கீங்களா? இல்ல நான் கேட்டேன்னு சொல்றீங்களா?"

"நான் எதுக்குடா பொய் சொல்லணும்?" என்றாள் ஃபியோர்தலீசா. பொய் சொல்பவர்கள் எல்லாரும் சொல்வதையே சொன்னதால் அவனுக்கு நம்பிக்கை முற்றிலும் போய்விட்டது.

சோதித்துப் பார்க்க வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் அட்டையைக் காட்டினான். கண்டிப்பாகப் பார்த்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தின்றிருக்கிறார். அதற்கும் பக்கத்தில் இருந்தவர் அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே தின்றிருக்கிறார். மூலைக்கடைக்காரர், அதன் எண்ணெய் இளைப்புக்கு நல்லது என்றார். மதியத்துக்குள் பதினொரு பேர். சாயங்காலத்தில் சந்தில் எதிர்ப்பட்ட ஒருவர், கேட்காமலே, "பாத்திருக்கேன்பா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரதமேஸுக்கு வியர்த்தது. ஒரு சாட்சி இருந்தால் நம்புவார்கள். இரண்டு சாட்சி இருந்தால் மகிழ்வார்கள். ஊரே சாட்சி சொன்னால் எந்த டாக்டரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விசாரிப்பார். அவன் வீடு வீடாகத் திரும்பிப் போய்ச் சொன்னான்.

"நாளைக்கு டாக்டர் வருவாங்க. மீனைப் பத்தி யாரும் வாயத் திறக்காதீங்க."

யாரும் அதற்கு முன்பு டாக்டர் வருவதை அறிந்திருக்கவில்லை. இப்போது எல்லாரும் அறிந்தார்கள். இரண்டு பேர் வியாழக்கிழமைக்கென்று சட்டை தேய்த்தார்கள்.

*

மூன்றாவது யோசனை மில்சியாதேஸுடையது. அதை முதலில் கேட்டபோது ரதமேஸ் முடியாது என்றான். ஆணியில் தொங்கும் மேலுடையை நினைத்துக்கொண்டு இரண்டாவது முறை கேட்டான்.

மில்சியாதேஸ் திருவிழாவுக்கு முகமூடி செய்பவன். திருவிழா மாதமான பிப்ரவரி ஆனதால் கத்தியும் பசையும் கையிலேயே இருந்தன. வலை மிதவைக் கட்டை ஒன்றை எடுத்து, அட்டையைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினான். பஞ்சர் கடையிலிருந்து கறுப்புப் பெயிண்ட். கழுத்துக்கு வெள்ளை. வாலுக்கு, வாடகை மோட்டார் சைக்கிள்களுக்கு அடிக்கும் மஞ்சள். மிதக்காமல் இருக்க வயிற்றில் மூன்று நட்டுகளை நைலான் கயிற்றில் கட்டினான். இழுப்பதற்கு மூக்கில் இன்னொரு கயிறு. முடித்துத் தூக்கிப் பிடித்தபோது அவனுக்கே கண் கலங்கியது.

"பாரு மச்சான். மூச்சு விடுற மாதிரி இல்ல?"

"ஒரே ஒரு தடவை இழு," என்றான் ரதமேஸ். "நாங்க கீழ, நீ மேல படகுல. நான் டாக்டரை இருபது மீட்டர் தள்ளி நிறுத்தி வைப்பேன். நாலு செகண்டு. இந்தப் பாறையிலேருந்து அந்தப் பாறைக்கு. அவங்க கேமராவை எடுக்குறதுக்குள்ள மறைஞ்சிடணும். ஒரே தடவை. புரிஞ்சுதா?"

"ஒரே தடவை," என்றான் மில்சியாதேஸ், ஒரு கலைஞனுக்கே உரிய வருத்தத்தோடு.

*

வியாழக்கிழமை ஜீப் யாரிடமும் வழி கேட்காமல் நேராக ஃபியோர்தலீசாவின் கடைக்கு முன்னால் வந்து நின்றது. வழி கேட்காததால்தான் வந்து சேர்ந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

டாக்டர் யொகாஸ்தா இறங்கினார். ஒல்லியான, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்காத பெண்மணி. பின்னால் டிரைவர் ஒனேசிமோ சிலிண்டர்களை இறக்கினான். காதிடுக்கில் பென்சில் செருகியிருந்த அந்த நடுத்தர வயதுக்காரன் யாரிடமும் எதுவும் பேசவில்லை. ஒரு பொரித்த சங்கராவைக் கைகாட்டி வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து தலையிலிருந்து தின்னத் தொடங்கினான். மீனைத் தலையிலிருந்து தின்பவர்களை ஃபியோர்தலீசாவுக்குப் பிடிக்கும். ஒரு வாழைக்காய் வறுவல் கூடவே வைத்தாள்.

"ரதமேஸ்," என்றார் டாக்டர். "வாழ்த்துக்கள். இந்தக் கரையில வேற யாருமே பதிவு பண்ணாத மீன் அது."

"நன்றி, டாக்டர்."

"எத்தனை ஆழத்துல?"

"எட்டு மீட்டர்."

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"தெளிவா இருந்துச்சு, டாக்டர்."

"தெளிவா இருந்தா அது எப்படிடா வரும்?" என்றாள் ஃபியோர்தலீசா அடுப்பிலிருந்து.

டாக்டர் திரும்பினார். "நீங்களும் பாத்திருக்கீங்களா?"

அவ்வளவுதான். தேய்த்த சட்டைகள் எல்லாம் ஒரே சமயத்தில் நெருங்கி வந்தன. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். நோட்டை எடுத்தார். மாமியார் என்று பெயர் எழுதினார். மழை, ஜோடி, கன்னத்து முள், இளைப்பு, பொரித்தால் வெளுக்கும் வால், எல்லாவற்றையும் எழுதினார். எழுத எழுத அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வளர்ந்தது. அந்தச் சிரிப்பு ரதமேஸுக்குப் பிடிக்கவில்லை. பஞ்சர் ஆன டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியதும் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்த மாமனார் அப்படித்தான் சிரிப்பார்.

"பதிமூணு பேர்," என்று நோட்டை மூடினார் டாக்டர். "அபாரம். இனி மீனையே பாத்துடலாமா?"

*

கடலுக்கடியில் முதல் பத்து நிமிடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ரதமேஸ் நாடாவை விரித்தான். டாக்டர் பலகையோடு பின்னால் வந்தார். சங்கரா, கிளிமீன், ஒரு சீலா. ரதமேஸின் மூச்சு மட்டும் குதிரை மூச்சாக இருந்தது. சிலிண்டரின் காற்றளவு முள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது.

குறித்த இடத்தில் அவன் கையை உயர்த்தி டாக்டரை நிறுத்தினான். தூரத்துப் பாறையைக் காட்டினான்.

பாதிரி மீன் வந்தது.

நியாயமாகச் சொன்னால் அது அழகாக வந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, வெயில் பட்டு மின்னிய மஞ்சள் வால். பாறைக்குப் பாறை நான்கே செகண்டு. டாக்டர் உறைந்து நின்றார். ரதமேஸின் வாழ்க்கையில் அதைவிட நல்ல நான்கு செகண்டு, ஒன்பதாவது சுற்று உட்பட, இருந்ததில்லை.

டாக்டர் கேமராவை எடுத்துக்கொண்டு பாறையை நோக்கி நீந்தினார். ரதமேஸ் குறுக்கே போய்க் கைகளை விரித்துக் காட்டினான். போயிடுச்சு, அவ்வளவுதான், இனி வராது, மேலே போவோம்.

மீன் திரும்பி வந்தது.

மேலே மில்சியாதேஸுக்கு மனசு கேட்கவில்லை. அவ்வளவு உழைத்துச் செய்ததை ஒரே தடவை காட்டுவது எந்தக் கலைஞனால் முடியும்? ஆனால் கயிறு மூக்கில் கட்டியிருக்க, படகு மறுபக்கம் போய்விட்டிருந்தது. இழுத்த இழுப்பில் கயிறு வாலில் சுற்றியது. மீன் பின்னோக்கி நீந்தி வந்தது. வாலை முன்னே நீட்டி, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல், தான் வந்த வழியே அது கௌரவமாகத் திரும்பிப் போனது.

பாதி வழியில் வயிற்று நைலான் அறுந்தது. மூன்று நட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மணலில் விழுந்தன. பாதிரி மீன் ஒரு கணம் யோசித்தது. பிறகு வயிற்றை மேலே காட்டிக்கொண்டு, டாக்டரின் நீச்சல் கண்ணாடியை உரசியபடி, நேராக விண்ணுலகம் நோக்கி ஏறியது.

டாக்டர் அது போவதை அண்ணாந்து பார்த்தார். பிறகு பலகையில் நிதானமாக ஏதோ எழுதி, ரதமேஸ் பக்கம் திருப்பிக் காட்டினார்.

'எத்தனை?'

பத்து மாதப் பழக்கம். கை தானாகவே மேலே போய் இரண்டு விரலைக் காட்டியது.

*

படகில் டாக்டர் மரமீனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மில்சியாதேஸ் கரையையே பார்த்துப் படகை ஓட்டினான்.

"வேலைப்பாடு நல்லா இருக்கு," என்றார் டாக்டர் கடைசியில்.

"நன்றி, டாக்டர்," என்றான் மில்சியாதேஸ்.

"வாய மூடு மாப்ளே," என்றான் ரதமேஸ்.

"ரதமேஸ், உனக்கு ஒரு விஷயம் சொல்றேன். போன வருஷம் எங்களுக்கு ஒரு பிரச்சினை. ஒன்பது ஊர்லேருந்து கணக்கு வருது. பாதி கணக்கு கடல்ல எடுத்ததா, கட்டில்ல படுத்துக்கிட்டு எடுத்ததான்னு தெரியல. அதனால புது அட்டை அடிச்சப்ப ஒரு காரியம் பண்ணினோம். ஐம்பத்தொன்பது மீனைப் புகைப்படம் பாத்து வரைஞ்சோம். ஒண்ணே ஒண்ணு மட்டும், உலகத்துலயே இல்லாத ஒரு மீனை மனசுலேருந்து கற்பனை பண்ணி வரையச் சொன்னோம். எங்க ஆளு அதுக்கு மட்டும் ரெண்டு வாரம் எடுத்துக்கிட்டான். அதுக்கு நாப்பத்தேழாம் நம்பர் கொடுத்தோம். பேர் நான் வச்சேன்."

ரதமேஸுக்கு இப்போது மூச்சு குதிரையாகவும் இல்லை. இல்லவே இல்லை.

"அத எவன் பாத்தேன்னு எழுதறானோ, அவன் கடல்ல இறங்கல. ஒன்பது ஊர்ல எட்டு ஊர் தப்பிச்சிடுச்சு."

"டாக்டர்," என்றான் ரதமேஸ். "அன்னைக்கு இறுதி ஆட்டம்."

"தெரியும்."

"மழையால தள்ளிப்போச்சு."

"தெரியும். நானும் பாத்தேன். ஆனா நான் மீன் எண்ணல."

ரதமேஸ் குனிந்து சிலிண்டர் வாரைக் கழற்றத் தொடங்கினான்.

"உன்னைக்கூட விட்டுடலாம்," என்றார் டாக்டர், நோட்டைத் தட்டியபடி. "பதிமூணு பேரு. அத்தனை பேரையும் பொய் சொல்ல வச்சிருக்க பாரு. அந்தம்மா பொரிச்சா வால் வெளுக்கும்கிறாங்க. இல்லாத மீனுக்குக் கன்னத்துல முள்ளு."

"அவங்கள நான் சொல்லச் சொல்லல, டாக்டர். எங்க ஊர்ல எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்ல மாட்டாங்க."

"அப்ப இந்த ஊருக்குக் கணக்கெடுக்கிற வேலையே வேணாம்," என்றார் டாக்டர். அத்தோடு பேச்சு முடிந்தது.

*

போகா செகாவில் செய்தி படகைவிட வேகமாகக் கரை சேரும். படகு மணலைத் தொட்டபோது ஃபியோர்தலீசாவின் கடைக்கு முன்னால் பாதி ஊர் நின்றிருந்தது. முன்வரிசையில் தோன் எலிஹியோ. அவர் கையில், மடித்து, இஸ்திரி போட்ட நீல மேலுடை.

"அவசரம் ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை," என்றார் அவர் கனிவாக. "திங்கட்கிழமை வந்தா போதும். ரெண்டு லாரி டயர் நிக்குது, உனக்காகத்தான் வச்சிருக்கேன்."

நுரிஸ் தன் அப்பாவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மரமீனைப் பார்த்தாள்.

"அன்னைக்கு வாழைக்காய்ல உப்பு சரியாத்தான் இருந்துச்சு," என்றாள். "நானும் அதத்தான் தின்னேன்."

டாக்டர் மரமீனை ஓர மேசையில் போட்டார். கடை மேசையில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, அச்சடித்த தாளில் எழுதத் தொடங்கினார். பென்சிலால்தான் முதலில் எழுதினார். பலகை எழுதி எழுதி வந்த பழக்கம். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதியதால் ஊருக்கும் கேட்டது.

"'உலகில் இல்லாத மீன் இனத்தை இருப்பதாகப் பதிவு செய்ததால், போகா செகா கணக்கெடுப்பாளர் இன்று முதல் நீக்கப்படுகிறார். இவ்வூரின் கணக்கெடுப்பு நிறுத்தப்படுகிறது. இவ்வூர் மக்களின் வாக்குமூலங்கள் நம்பத்தக்கவை அல்ல.'"

"எது நம்பத்தக்கதில்ல?" என்றாள் ஃபியோர்தலீசா.

"அக்கா, விடுங்க," என்றான் ரதமேஸ். மேலுடையை மாமனாரிடமிருந்து வாங்கிக் கையில் போட்டுக்கொண்டான். சோப்பு வாசனை அடித்தது. நல்ல சோப்பு.

"விடறதா? நான் முப்பது வருஷமா மீன் பொரிக்கிறேன். இந்தம்மா என் பேச்சையே..."

"கையெழுத்து பேனாவுலதான் போடணும்," என்றார் டாக்டர், நிமிராமல் கையை மட்டும் நீட்டி. "ஒனேசிமோ, பேனா."

பேனா வரவில்லை.

டாக்டர் நிமிர்ந்தார். ஒனேசிமோ ஓர மேசையில் இருந்தான். முன்னால் சங்கராவின் முள் மட்டும், சீப்பு மாதிரி சுத்தமாக. பக்கத்தில் காகிதத் தட்டின் பின்புறத்தில், காத்திருந்த நேரத்தில், பென்சிலால் ஒரு மீனைக் கிறுக்கியிருந்தான். மரமீனைத் தன் பக்கம் இழுத்து ஒருமுறை புரட்டிப் பார்த்தான்.

"கண்ணு கொஞ்சம் கீழ இறங்கிடுச்சு," என்றான் மில்சியாதேஸிடம். காலையிலிருந்து அவன் பேசிய முதல் வாக்கியம் அது.

"அட்டையில அப்படித்தானேண்ணே இருந்துச்சு," என்றான் மில்சியாதேஸ்.

"ஆமா. அது என் தப்பு."

"ஒனேசிமோ," என்றார் டாக்டர். "பேனாவைக் கேட்டேன்."

ஒனேசிமோ எழுந்து நின்றான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டான். மேலுடையோடு நிற்கும் ரதமேஸை, தன்னையே பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தான்.

"டாக்டர், என் வேலையும் போகும், பரவால்ல. இல்லாத மீன் ஒண்ணு வரையச் சொன்னீங்க, எனக்குக் கற்பனையெல்லாம் வராது. ஒன்பது வயசு வரைக்கும் நான் இந்த ஊருதான், எங்கம்மா மழைநாள்ல பொரிச்சுப் போடற மாமியாரைத்தான் வரைஞ்சு கொடுத்தேன். பொரிச்சா வால் வெளுத்துடுமே, பச்சையா இருக்கறப்ப என்ன நிறம்னு ஞாபகம் வரத்தான் அந்த ரெண்டு வாரம்."